இத்தாலி வயலின்

வித்வான் வைத்தமாநிதியிடம் ஓர் இத்தாலி வயலின் இருந்தது. ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு, சீடர்கள் புடைசூழ, பல்லாவரத்தில் எபநேசரின் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"வயலின் செய்யறவன்னு போர்டு மாட்டியிருக்கியே, இதே நாதத்தோட ஒண்ணு செஞ்சு காட்டு. முடியலைன்னா போர்டைக் கழட்டிடு."

வாங்கித் திருப்பிப் பார்த்த எபநேசரின் முகம் கறுத்துப்போனது.

"செய்யலாம் ஐயா. ரெண்டாவது தடவைதானே, அவ்வளவு கஷ்டமிருக்காது."

சீடர்கள் சிரித்தார்கள். எபநேசர் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியை வயலினின் துளை வழியே உள்ளே விட்டு டார்ச் அடித்தார். மேல்பலகையின் உட்புறத்தில், கண்ணாடியில் படிக்க வாகாக இடவலம் மாற்றி, பென்சிலில் எழுதியிருந்தது: எபநேசர், பல்லாவரம்.

சிரிப்பு நின்றது. வித்வானின் குரல் இறங்கியது. "அப்போ உள்ளே ஒட்டியிருக்கிற இந்த இத்தாலி லேபிள்?"

இந்தக் கேள்விக்குத்தான் எபநேசர் பதினைந்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் ஒட்டினேன். சொல்லவே வெட்கமா இருக்கு. முதல்ல என் பேரை ஒட்டித்தான் இதை உங்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வில்லைக்கூடத் தொடாம திருப்பி அனுப்பிட்டீங்க."