கெண்டியின் மூக்கில் தேய்ந்த தங்கம்

சீவலூர் ஜமீன்தாரிடம் ஜப்பான் பீங்கான் தேநீர்க் கெண்டி ஒன்று இருந்தது. வெள்ளை மெருகின் மேல் கொக்கும் செம்பூவும், மூக்கின் நுனியில் ஒரு தங்கக் கோடும் தீட்டியிருந்தார்கள். மெருகுக்கு மேலே தீட்டிச் சுடும் வண்ணம் உரசினால் தேயும் என்பது பீங்கான் சாஸ்திரம். ஜமீன்தார் கற்ற சாஸ்திரம் அதன் விலை மட்டுமே.

ஒருநாள் விருந்தாளியாக வந்திருந்த டெபுடி கலெக்டர், எச்சில் ஆகாத ஆசாரக்காரர், கெண்டியிலிருந்து ஊற்றிய தேநீரை வெள்ளித் தம்ளரில் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தங்கக் கோடு தேய்ந்திருப்பது ஜமீன்தார் கண்ணில் பட்டது. பாத்திரம் துலக்கும் பேச்சியை வரவழைத்தார்.

“கெண்டியில் வாய் வைத்து உறிஞ்சியிருக்கிறாய். இல்லையென்று இப்போதே நிரூபி. முடியாவிட்டால் வேலையை விட்டுப் போ.”

டெபுடி கலெக்டரின் தம்ளர் பாதி வழியில் நின்றது.

பேச்சி தலை குனியவில்லை. “எங்களுக்கு இந்த அரமனையில தம்ளரே கிடையாது, எசமான். கையேந்தினா மேலேருந்து ஊத்துவாங்க. உங்க சட்டம்தான். அம்மா முதக்கொண்டு எல்லாரும் அண்ணாந்துதான் குடிக்கிறாங்க. மதராஸ் கிளப்புக்குப் போயி வாய் வச்சு உறிஞ்சக் கத்துக்கிட்டு வந்தவங்க ஒருத்தர்தான். யாருன்னு சொல்லட்டுமா?”

ஜமீன்தார் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“யாரும் வாய் வைக்கவில்லை. ஜப்பான்காரன் தங்கம் தானாகவே தேயும். நீ போய் வேலையைப் பார்.”

“பாக்கறேன். அப்ப கலெக்டர் ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க, எசமான்.”

டெபுடி கலெக்டர் அவசரமாகத் தம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்.