வாடிக்கையாளரின் சுக்குக் காபி

இளம்பரிதிக்கு இரண்டு பெயருமே சரியாகத்தான் பட்டன. அதுதான் தொல்லை.

வேலை தேடுகிறவர்களுக்கு நேர்காணல் பயிற்சி தரும் நிறுவனம் அவருடையது. பணம் கட்டிச் சேருகிறவர்களை இதுவரை ‘வாடிக்கையாளர்’ என்றார்கள். இனி ‘மாணவர்’ என்று மாற்றிவிடலாம் என்றார் கூட்டாளி.

ஞாயிற்றுக்கிழமை மலையேறி ஆசிரமத்துக்குப் போய், குருவான அம்மையார் முன்னால் உட்கார்ந்தார். தலை நரைத்த பிறகு அவருக்குச் சீடரானவர் இளம்பரிதி.

“வாடிக்கையாளர்னு கூப்பிடறவங்களை மாணவர்னு மாத்தலாமாம். எந்தப் பேரு சரிம்மா?”

“இப்ப எதுக்குப்பா மாத்தணும்?”

“செவ்வந்தின்னு ஒரு பொண்ணு. எங்ககிட்ட பயிற்சி முடிச்சும் வேலை கிடைக்கல. உங்க பயிற்சியே சரியில்லைன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டுட்டா. நாளைக்குப் பதில் கேட்டு வர்றா. வாடிக்கையாளர்னா நாங்க பதில் சொல்லியாகணும். மாணவின்னா...”

“மாணவின்னா?”

“நீ ஒழுங்காப் படிக்கலம்மான்னு அனுப்பிடலாமாம். அவ ஒழுங்காப் படிக்கலையா, நாங்க ஒழுங்காச் சொல்லித்தரலையா, எனக்கே தெரியல. மண்டை குழம்புது.”

அம்மையார் எழுந்து உள்ளே போனார். ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே போட்டுக் கொடுக்கும் சுக்குக் காபியோடு திரும்பினார். இளம்பரிதியிடம் குனிந்து நீட்டினார்.

“வாங்க சார். இன்னிக்கு நீங்க எங்க வாடிக்கையாளர். குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

ஏதோ விளையாட்டு என்று சிரித்தபடி வாங்கிக் குடித்தார். புரையேறியது.

“என்ன சார், எப்படி இருக்கு?”

“மிளகு ரொம்ப ஜாஸ்தி,” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சிடுங்கம்மா.”

“எப்பவும் இப்படித்தானா?”

“எப்பவும்தான்.”

“மத்தவங்களுக்கு?”

“எல்லாருக்கும்தான். கிணத்தடிக்குப் போய் இருமிட்டு வந்து உட்காருவோம்.”

“அடப்பாவிகளா! ஒருத்தர்கூடச் சொல்லலையே?”

“சீடர்களாச்சேம்மா. தொண்டை எரியறது உங்க அருள்னு நினைச்சோம். தாங்க முடியாதது எங்க பக்குவக் குறைன்னு...”

அம்மையார் டம்ளரை வாங்கி, அதே காபியை முதல்முறையாக ஒரு மடக்கு குடித்தார். கண்ணில் நீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

இளம்பரிதி மெதுவாகக் கேட்டார். “அப்ப நாளைக்கு நான் அந்தப் பொண்ணை என்னன்னு கூப்பிடறது?”

“தெரியலப்பா. இத்தனை வருஷமாப் போடறேன். யாருமே குறை சொல்லாததால, மிளகு எவ்வளவு போடணும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாமலே போச்சு.”