பாத்தாச்சு, எடு வண்டிய!

இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா என் நாக்கு இப்பவே வெந்து போகட்டும்.

பொண்டாட்டியோட மெட்ராஸ் சுத்திப் பாக்க வந்த ரைஸ்மில் மொதலாளி கொழுந்தப்பன், வேன் டிரைவர் சகாயத்துகிட்ட சவால் விட்டாரு. "நான் பாக்காத ஒண்ண இன்னிக்குக் காட்டுடா. இல்லேன்னா உன் ஓனர்கிட்ட சொல்லி உன் வேலையக் காலி பண்ணிடுவேன்."

மெரினாவுல நிறுத்தினா, செருப்புல மணல் ஒட்டுறதுக்குள்ள "பாத்தாச்சு, எடு வண்டிய!" லைட்ஹவுஸா, பாத்தாச்சு. முதலைப் பண்ணையா, முதலை வாயத் தொறக்குறதுக்குள்ள பாத்தாச்சு. மாமல்லபுரத்துல மனுசன் எறங்கவே இல்ல, ஜன்னல் வழியாவே பாத்தாச்சு.

சாயங்காலம் மீசைய முறுக்கிட்டு, "தோத்துட்டல்லடா?"ன்னாரு.

"பாக்காதது ஒண்ணு இருக்கு மொதலாளி. பின் சீட்டத் திரும்பிப் பாருங்க."

பாத்தாரு. சீட்டு காலி. பொண்டாட்டி செண்பகத்தக் காணோம்.

"அய்யய்யோ, எங்கடா அவ?"

"காலையில மெரினாவுல எறங்குனவங்க திரும்ப ஏறவே இல்ல. 'அவரு கேட்டா சொல்லு, ஆனா கேக்க மாட்டாரு'ன்னாங்க. நீங்க கேக்கவும் இல்ல, பாக்கவும் இல்ல."

அலறியடிச்சு மெரினாவுக்குத் திரும்பினா, அந்தம்மா முட்டி வரைக்கும் அலையில நனைஞ்சு நிக்குது. "அதுக்குள்ள வந்துட்டீங்களா? நான் இன்னும் கடலையே பாத்து முடிக்கல!"

மொதலாளி அப்புறம் ஓனரப் பத்தி மூச்சே விடல.

சரி சரி, ஓசியில கேட்டுட்டு நழுவாதீங்க. ஆளுக்கொரு சுண்டல் பொட்டலம் இங்க வையுங்க, மாங்கா தூக்கலா!