காற்று வலுத்தால் சுணங்கும் காற்றாலை

"காத்து அடிச்சா காற்றாலை சந்தோஷமா சுத்தணும். இது மட்டும் ஏம்மா காத்து வலுத்தா சுணங்குது?"

கேட்டவர் ஆவுடையப்பன். ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பது காற்றாலைகளுக்குப் பொறுப்பான என்ஜினியர். வயது ஐம்பத்து மூன்று.

அவர் கேட்டது செலின் ரோஸிடம். கயிற்றில் தொங்கிக்கொண்டு காற்றாலை இறக்கைகளைச் செப்பனிடுகிறவள். அவரைவிட இருபது வயது சின்னவள். காற்றைப் பற்றிச் சந்தேகம் வந்தால் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். நேராகப் பதில் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தேதான் போவார்கள்.

"எது சார்? குளத்தங்கரையில நிக்கிற பதினேழாம் நம்பரா?"

"அதேதான். லேசான காத்துல மத்ததுக்குச் சமமா ஓடுது. பலமா அடிச்சா பாதி கரண்டுதான் தருது. கியர்பெட்டியப் பாத்தாச்சு, ஜெனரேட்டரப் பாத்தாச்சு. நடுவுல ஒரு மழை பெய்ஞ்சுது. நாலு நாள் ஒழுங்கா ஓடிச்சு. பிறகு பழைய குருடி கதைதான்."

"இப்போ என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லலன்னா சீசன் முழுக்க அத நிறுத்திருவாங்க. நான் கூடவே நின்னு தூக்கி நிறுத்தின மெஷின், செலின்."

செலின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"காரணத்த எங்க தேடினீங்க?"

"பலத்த காத்துலதான். அப்பத்தானே கோளாறு வருது!"

"காத்து ஓய்ஞ்ச நேரத்துல தேடுங்க."

"அப்போ கோளாறே இல்லையே!"

அவள் சிரித்தாள். அவ்வளவுதான்.

அன்று புதன்கிழமை. சாயங்காலம் காற்று தணிந்தது. செலின் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

"குளத்தங்கரையில ஒரு சுத்து போங்க சார். ஹெல்மெட் கண்ணாடியத் தூக்கி விடுங்க. வாய மட்டும் மூடிக்கங்க."

வாயை ஏன் மூட வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தார். ஒரு பூச்சி உள்ளே போய்விட்டது.

திரும்பி வந்தபோது அவருடைய மூக்குக் கண்ணாடி முழுக்கப் பூச்சிகள் நசுங்கி ஒட்டியிருந்தன. துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

"துடைக்காதீங்க."

"எதுவரைக்கும்?"

"நாளைக்குக் காத்து வர்ற வரைக்கும்."

வியாழக்கிழமை பகலில் காற்று வந்தது. பனைமரங்கள் வளைந்தன. அதே கண்ணாடி, அதே ஸ்கூட்டர், அதே கரை.

காற்று வண்டியைக் குளத்துப் பக்கம் தள்ளியது. ஆவுடையப்பன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். பாதையில் ஒரு பள்ளம் இருந்தது. கண்ணாடியில் காய்ந்துபோன பொட்டுகளுக்குள் அது மறைந்துவிட்டது. வண்டி குதித்தது.

"பாத்து ஓட்டுங்க சார்!"

"எங்கம்மா பாக்க? நேத்து மெள்ளமா வந்தப்போ இதெல்லாம் ஒண்ணும் தொந்தரவா தெரியல. இன்னைக்குக் கண்ணையே மறைக்குது!"

"இன்னைக்குப் புதுசா எத்தனை பூச்சி ஒட்டிச்சு?"

அவர் வண்டியை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஈரமான பொட்டு ஒன்றுகூட இல்லை.

"ஒண்ணுமில்ல. இந்தக் காத்துல பூச்சி எப்படிப் பற..."

பாதியில் நிறுத்தினார்.

கரையின் கோடியில் பதினேழாம் காற்றாலை நின்றது. இவ்வளவு காற்றிலும் அரைமனதாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அதன் நீண்ட இறக்கைகளை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"செலின், இறக்கையில ஒட்டின பூச்சியக் கழுவ எத்தனை குடம் தண்ணி வேணும்?"

"குளம் பக்கத்துலதானே இருக்கு, சார். காத்து ஓயட்டும்."