கோழி செட்டு விமானம் ஏற்றிய கதை

முட்டத்துப்பாளையத்து ஆட்களைப் பற்றி ஊர் ஊராக என்னென்னவோ சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஊரில் சென்னியப்பன் என்றால் கோழி ஏற்றுகிறவன். பண்ணைகளில் கறிக்கோழி வளர்ந்து நின்றதும் அவனுடைய செட்டைத்தான் கூப்பிடுவார்கள். செட்டு என்றால் பெரிய படை ஒன்றும் இல்லை. வேலைக்குச் சென்னியப்பன், யோசனைக்குக் குப்புராசு, சந்தேகத்துக்கு அங்கமுத்து. கைக்கு ஒரு கொத்தாகக் கோழிகளைக் காலில் பிடித்து, தலைகீழாகத் தூக்கி, லாரிக் கூண்டில் அடைத்து அனுப்புவார்கள். ஒரு கோழிக்கும் இறக்கை ஒடியாது. அந்த வேலையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கஷ்டம் என்னவென்றால், அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். உலகத்தில் மீதி எல்லாவற்றையும் அதை வைத்தே புரிந்துகொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் சென்னியப்பனுடைய மக்காச்சோளக் காட்டில் ஒரு விமானம் விழுந்தது.

பயப்படாதீர்கள், சின்ன விமானம். ரெண்டு பேர் உட்காரலாம். பம்பு கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம், பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டுப் போட்டுத் தன் கையாலேயே பூட்டிச் செய்தது. பேரன் பிறந்தபோது ஆரம்பித்தார், அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது முடித்தார். அன்றைக்கு மேலே போனதும் என்ஜின் இருமியது. சோளக்காட்டில் இறக்கினார். விமானத்துக்கு இடது இறக்கை ஒடிந்தது, அவருக்கு வலது கால் ஒடிந்தது.

செட்டு ஓடிப்போய் அவரைத் தூக்கி ஒரு காரில் படுக்க வைத்தது. முனகிக்கொண்டே அவர் சென்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ என்ன வேலை செய்யறே?"

"கோழி ஏத்தறனுங்க."

"நல்லதாப் போச்சு. ஒரு கோழிக்கு அடிபடாம ஏத்துவீல்ல? அதே மாதிரி இதையும் ஏத்தி என் ஷெட்டுல சேத்துரு. அதுவரைக்கும் கட்டிப் போட்டு வை. காத்தடிச்சா எந்திரிச்சுப் பறந்துரும். ஒரு கீறல் விழாமக் கொண்டுவந்தீன்னா, சரி பண்ணதும் முதல்ல உன்னைத்தான் ஏத்திக்கிட்டுப் பறப்பேன். இது சத்தியம்."

கார் போய்விட்டது. சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். ஆயுசு பூராவும் இறக்கை உள்ளதுகளையே தூக்கிக்கொண்டு திரிந்தவன். ஒரு தடவையாவது மேலே போய் ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு உள்ளுக்குள் அவ்வளவு ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நேரே வீட்டுக்கு ஓடினான்.

"புள்ள, வர்ற மாரியாத்தா கோயில் நோம்பிக்கு நான் மேல இருந்து பூப் போடறேன். வாசல்ல நின்னு அண்ணாந்து பாரு."

அவன் மனைவி பொன்னாத்தாள் அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சோறு வடித்தாள். இனிமேல் பின்வாங்க முடியாது.

காட்டுக்குத் திரும்பி வந்ததும் செட்டு கூடிப் பேசியது.

"கட்டிப் போடச் சொன்னாரு. எதுல கட்டறது?" என்றான் சென்னியப்பன்.

"கால்லதான்," என்றான் குப்புராசு. "கழுத்துல கட்டுனா இறுக்கிக்கும்."

சக்கரத்தில் கயிறு போட்டு வேப்ப மரத்தில் கட்டினார்கள். அங்கமுத்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"கட்டுனா மட்டும் நிக்குமாண்ணா? கறிக்கோழின்னா பறக்காது. இது பறந்து வந்து உளுந்திருக்குது. நாட்டுக்கோழிச் சாதியாட்டத் தெரியுது."

மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். வேலி தாண்டுகிற நாட்டுக்கோழிக்கு அந்த ஊரில் ஒரே வைத்தியம்தான். ஒரு பக்கத்து இறக்கையை நுனியில் வெட்டி விடுவார்கள்.

"ரெண்டையும் வெட்டிராதீங்க, பாவம்," என்றான் சென்னியப்பன்.

"ஒரு பக்கம் போதும். எந்திரிச்சாலும் சாஞ்சுரும்," என்றான் குப்புராசு. "ஆனா ஒடிஞ்ச பக்கத்தைத் தொடாதே, வலிக்கும். நல்லாருக்கறதை வெட்டு."

ஆசாரி வீட்டு ரம்பம் வந்தது. வலது இறக்கையின் நுனியில் ஒரு முழம் அலுங்காமல் அறுத்து எடுத்தார்கள். அறுத்த ஓரத்தைச் சென்னியப்பன் உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்தான். கீறல் விழக்கூடாது அல்லவா? அதில் அவன் ரொம்பக் கண்டிப்பு.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தேவசகாயம் போன் செய்தார். "ஏத்தறதுக்கு முன்னால இறக்கை ரெண்டையும் கழட்டிரு. நாலு போல்ட்டுதான்."

அங்கமுத்து ஸ்பேனரோடு அடியில் படுத்தான். பிரேக்குக் குழாய் விரிசல் விட்டிருந்தது போலிருக்கிறது. அதில் ஊற்றுகிற எண்ணெய் நல்ல சிவப்பு. அது அவன் நெற்றியில் சொட்டியது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு வெளியே வந்தான்.

"ரத்தம்! ஐயோ, உசுரோட இருக்கையில கழட்டச் சொல்றாரே, அந்த மனுசனுக்கு ஈவு இரக்கம் இருக்குதா?"

சொட்டிய இடத்தில் மஞ்சள் தூளை அப்பினார்கள். இறக்கையைக் கழற்றுகிற பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள்.

லாரி வந்து நின்றதும் அடுத்த பேச்சு. எப்படித் தூக்குவது?

"இதுல என்ன பேச்சு? கோழி ஏத்தற மாதிரி ஏத்தச் சொன்னாரு," என்றான் சென்னியப்பன். ஊரில் கை சும்மா இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, சக்கரங்களைப் பிடித்து, விமானத்தைத் தலைகீழாகத் தூக்கி லாரியில் வைத்தார்கள். கால் ரெண்டும் வானத்தைப் பார்த்தன.

"தலைகீழாப் புடிச்சாத்தான் கம்முனு இருக்கும்," என்று குப்புராசு கூட்டத்துக்கு விளக்கினான். விமானமும் கம்மென்றுதான் இருந்தது. அதைப் பார்த்தபின் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஷெட்டு ரெண்டு மணி நேரத் தூரம். வெயில் காலத்தில் கோழி லோடு போனால் வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். சென்னியப்பன் கண்ட டீக்கடையிலெல்லாம் லாரியை நிறுத்தினான். உடம்பில் ஊற்றினான். மூக்கில் ஊற்றினான். விலாப்பக்கம் பெட்ரோல் ஊற்றுகிற மூடி திறந்து கிடந்தது, வாய் என்று நினைத்து அதற்குள்ளும் ஒரு குடம் ஊற்றினான். ஊரில் எடை போட்டு ஏற்றினவர்கள், இறக்குவதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் இங்கேயும் எடை மேடையில் ஏற்றினார்கள். எடை கூடியிருந்தது.

"வழியில எடை கொறையாம வந்த லோடு உண்டா? இது ஏறியிருக்குது!" என்றான் சென்னியப்பன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஷெட்டில் விமானத்தை நேராக நிறுத்தி, போன் போட்டான்.

"சபாஷ்," என்றார் தேவசகாயம். தண்ணீர் விஷயம் அவருக்கு எங்கே தெரியும்? "மூலையில ஒரு பெட்டி இருக்கு. துணியும் ரெண்டு டப்பா பசையும் இருக்கும். ஒடிஞ்ச இடத்தை நேராக்கி, துணியைச் சுத்தி, பசையைத் தடவி, அசையாமக் கட்டு. சூடு காட்டணும், அப்பத்தான் கூடும். நோம்பிக்கு முன்னால நான் வந்துருவேன்."

குப்புராசு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இதையா தடவறது? எங்கப்பனுக்குக் கை ஒடிஞ்சப்ப வைத்தியரு உளுத்தமாவுல முட்டை வெள்ளைக்கருவைக் கொழைச்சுத் தடவி, மூங்கில் பத்தை வச்சுக் கட்டுனாரு. இன்னைக்கும் எங்கப்பன் அந்தக் கையிலதான் என்னைய அடிக்கறாரு."

இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? தட்டுத் தட்டாக முட்டை உடைத்தார்கள். துணியும் மாவும் மூங்கிலுமாக இடது இறக்கைக்குக் கட்டு ஏறியது. சூட்டுக்கு, கோழிக்குஞ்சுகளுக்குப் போடுகிற குண்டு பல்புகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, காற்று வராமல் சாக்குப் படுதா கட்டினார்கள். அடிபட்டது சாப்பிட்டால்தானே தேறும் என்று சென்னியப்பன் மூக்குக்கு முன்னால் ஒரு படி தீவனமும் தூவி வைத்தான்.

காலையில் பார்த்தால் தீவனத்தைக் காணோம்.

"சாப்புடறான்டா!" என்றான் சென்னியப்பன். அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செவலைப் பெட்டை ஒன்று படுதாவுக்கு அடியில் புகுந்து வந்து போனது, உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

நோம்பிக்கு முந்தின நாள் தேவசகாயம் ரெண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். படுதாவை விலக்கியதும் முட்டை வாடை முகத்தில் அடித்தது. இடது இறக்கையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்து வலது இறக்கையைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் என்னாச்சு?"

"வெட்டியுட்டமுங்க சார்."

"வெட்டி..."

"நீங்கதானுங்க பறந்துரும்னு சொன்னீங்க."

"ஒரு கீறல் விழக்கூடாதுன்னு சொன்னேனே, படுபாவி!"

"கீறலே இல்லீங்களே. தடவிப் பாருங்க சார்."

அந்த மனுஷன் தடவியும் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. தீவன மூட்டை மேல் உட்கார்ந்து தோள் குலுங்க ஆரம்பித்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று செட்டுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

"இது இனிமே பறக்காது தம்பி," என்றார் கடைசியில்.

சென்னியப்பனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "நாளைக்கு நோம்பிங்க. பொன்னாத்தா வாசல்ல நிப்பாளுங்க."

"இறகு உதுந்து புதுசு மொளைக்கற காலம் வரட்டும், மொளச்சிரும்ணா," என்று குப்புராசு அவன் முதுகைத் தடவினான்.

தேவசகாயத்துக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சரி, ஏறியாவது உக்காரு. சத்தியத்துல பாதியாச்சும் நிக்கட்டும்."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினான். உட்காரப் போனவன் அப்படியே நின்றான். சீட்டில் ஒரு முட்டை கிடந்தது.

மூன்று தலைகள் உள்ளே குனிந்தன.

"பெட்டை!" என்றான் குப்புராசு மெல்ல. "நாம சேவல்னு நெனச்சுட்டம்."

"இத்தனாம் பெரிசுக்கு இத்துணூண்டு முட்டையா?" என்றான் அங்கமுத்து.

"மொத மொதல்ல இடற கன்னி முட்டை சின்னதாத்தாண்டா இருக்கும். கூமுட்டையான்னு மட்டும் பாரு," என்றான் குப்புராசு.

அங்கமுத்து முட்டையைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "உசுரு இருக்குதுண்ணா. உள்ள காத்தாடி சுத்துது!"

சென்னியப்பன் முகத்தில் இருந்த வருத்தமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "சார், பெரிசு பறக்காட்டிப் போவுதுங்க. எனக்குக் குஞ்சு போதுமுங்க. நானே வளத்திப் பறந்துக்கறேன்."

இறக்கையில் கட்டுப் போட்டிருக்கிற தாய் எப்படி அடைகாக்கும்? ஆகவே சென்னியப்பன் முட்டையைச் சீட்டில் வைத்து, பக்குவமாக மேலே குந்தி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டான்.

மறுநாள் நோம்பி. அண்ணாந்து அண்ணாந்து கழுத்துப் பிடித்துக்கொண்ட பொன்னாத்தாள், மத்தியானம் சோற்றுத் தூக்கோடு பஸ் ஏறி ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங், தெருவே சிரிக்குது! பூப் போடறேன்னு சொல்லிப்போட்டு இங்க வந்து குந்தீட்டு இருக்கறீங்க?"

சென்னியப்பன் முட்டை அலுங்காமல் ஒரு பக்கமாகத் திரும்பினான். நோம்பிக்கென்று மடியில் கட்டி வைத்திருந்த ரோசாப்பூ இதழ்களை ஒரு கை அள்ளி, விமானத்தில் இருந்தபடியே கீழே வீசினான். அத்தனையும் அவள் தலையில் விழுந்தது. பொன்னாத்தாளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாகச் சிரித்துக்கொண்டு, சோற்றை ஊட்டிவிடலாம் என்று இறக்கையில் காலை வைத்து ஏறினாள்.

சென்னியப்பன் ரெண்டு தோளையும் உப்பிக்கொண்டு, கழுத்தை நீட்டினான்.

"பக்கத்துல வராத புள்ள. அடையில இருக்கறேன், கொத்திப்போடுவேன்!"