கூடைக்குப் பயந்த வாத்து

அறுப்பு முடிந்த வயலில் ஒரு பெரிய வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. சிந்திய நெல்லும் நத்தையும் ஏராளமாகக் கிடந்தன. ஆனால் ஒரு வாத்துக்கும் மேய்ச்சலில் மனமில்லை. எல்லாக் கண்களும் வரப்பைப் பார்த்தன. அங்கே பச்சைத்தலை ஆண் வாத்து ஒன்று நின்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தது.

எல்லோரும் அவரை உபதேசியார் என்று அழைத்தார்கள். முன்பு ஒரு வருடம் அவர் மாதா கோயில் வளாகத்தில் வளர்ந்தவர். ஞாயிறுதோறும் ஜன்னலுக்கு அடியில் நின்று பிரசங்கம் கேட்பார். அந்தக் கோயில் சாமியார் முதல் பாதியில் பாவத்தையும் நரகத்தையும் பற்றிப் பேசுவார். இரண்டாம் பாதி தொடங்கும் நேரத்தில் சமையல்கட்டிலிருந்து பழைய சோற்றைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். உபதேசியார் அங்கே ஓடிவிடுவார். ஆக, அவர் கற்றது முதல் பாதி மட்டுமே. அந்தப் பாதியை முழு வேதம் என்று கூட்டம் நம்பியது.

"மனுஷருக்குக் கடவுள் எப்படியோ, நமக்கு மேய்ப்பர் அப்படி," என்றார் உபதேசியார். "கையில நீளமாக் கழி எதுக்கு? அடிக்க. மூடி போட்ட கூடை எதுக்கு? முட்டை இடாத பாவிகளை அள்ளிட்டுப் போக. கூடைக்குள்ள போனா அடுத்தது நெருப்புதான்."

"அவர் யாரையாவது அடிச்சு நீர் பார்த்திருக்கீரா?" என்று கேட்டது செவலை என்ற பெட்டை வாத்து.

"பன்னிரண்டு நாளைக்கு முன்னால வெள்ளச்சியைக் கூடையில போட்டு மூடினாங்களே. திரும்பி வந்தாளா?"

செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பால் போனது.

நரகத்துக்குத் தப்ப உபதேசியாரிடம் ஒரே வழி இருந்தது. கண்ணில் படுகிற கொழுத்த நத்தையை எல்லாம் அவர் முன்னால் விட்டுவிட வேண்டும். பயத்தை விற்கிறவன் எந்தக் காலத்திலும் இளைத்ததில்லை. உபதேசியாராலும் வரப்பில் நேராக நடக்க முடியாது. அவ்வளவு தொப்பை.

இதை எதிர்த்துக் கேட்ட ஒரே வாத்து செவலைதான். போன அறுப்பில், "நத்தை கொடுக்காதீர்கள்" என்று கூட்டத்தைத் திரட்டியது. எல்லோரும் தலையாட்டினார்கள். மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராக நழுவிப்போய் நத்தை வைத்துவிட்டு வந்தார்கள். செவலை மட்டும் நான்கு நாள் தனியாக நின்றது. அந்தக் கசப்பும், அந்தக் கர்வமும் அதற்கு இன்னும் போகவில்லை.

ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. கூடையைக் கண்டால் செவலைக்கும் பயம்தான். அதுவும் இப்போது அதிகமாக. ஒன்பது நாளாக அது முட்டை இடவில்லை. இறகுகள் வேறு உதிர்ந்துகொண்டிருந்தன. இறகு உதிரும் பருவத்தில் முட்டை நிற்பது வாத்துக்கு இயல்பு. அதைச் செவலைக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே காலையில் முட்டை பொறுக்க ஆள் வரும் நேரத்தில், பக்கத்து வாத்தின் முட்டையைத் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பத்தாம் நாள் காலை பக்கத்து வாத்து கேட்டுவிட்டது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அது என் முட்டை."

பட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. உபதேசியார் மெதுவாக நடந்து வந்தார். "ஓகோ. போராட்டத் தலைவி முட்டைத் திருடியா?"

அப்போது மேய்ப்பர் அருளாந்து பட்டியைச் சுற்றிக் கட்டிய வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். செவலையைப் பார்த்தார். கீழே கிடந்த இறகுகளைப் பார்த்தார். வெளியே நின்ற மனைவியைக் கூப்பிட்டார். "சலேத்து, அந்தக் கூடையை எடுத்தா."

அவ்வளவுதான். செவலை வலையின் இடுக்கில் நுழைந்து ஓடியது. வரப்பைத் தாண்டி வாய்க்காலில் குதித்தது.

அன்று காலைதான் மேலே தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடியது. சற்றுத் தூரத்தில் மதகு. பாதி தூக்கிய பலகைக்கு அடியில் தண்ணீர் இரைந்து புகுந்தது. செவலைக்கு முன்னால் மிதந்த ஒரு வாழைமட்டை அதற்குள் போய்த் துண்டு துண்டானது.

அருளாந்து கரையோடு ஓடிவந்து கழியை நீட்டினார். கழி கிட்டே வரவர, செவலை விலகி மதகுப் பக்கம் போனது. அவர் தண்ணீரில் இறங்கினார். மார்பு வரை தண்ணீர். மறுபடி நீட்டினார். செவலை மறுபடி விலகியது.

'அடிபட்டுச் சாவதைவிட மதகில் சாவது மேல்,' என்று நினைத்தது. மானமுள்ள வாத்து அப்படித்தான் நினைக்கும்.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அருளாந்தின் கால் சேற்றில் வழுக்கியது. அவரையும் தண்ணீர் மதகை நோக்கி இழுத்தது. கரையில் சலேத்து, "போதும், ஏறுங்க!" என்று கத்தினாள். அவர் ஏறவில்லை. இன்னும் ஓரடி முன்னால் வந்தார்.

செவலை வாழ்நாளில் அடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருந்தது. அவர்கள் கரையில் நிற்பார்கள். தண்ணீருக்குள் வேறு யாரையாவதுதான் அனுப்புவார்கள். தன் உயிரைப் பணயம் வைத்து அடிக்க வந்தவர் ஒருவர்கூட இல்லை.

'அப்படியானால் இவர் எதற்கு வருகிறார்?'

பலகைக்கு இன்னும் இரண்டு முழம்தான். செவலை திரும்பியது. அவரைப் பார்த்து, தண்ணீரை எதிர்த்து, உள்ள பலமெல்லாம் கூட்டி நீந்தியது. கழி அதன் பின்னால் குறுக்கே விழுந்து, வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் தாங்கியது. ஒரு கை அதை அள்ளியது.

"கிறுக்குக் கழுதை," என்றார் அருளாந்து, மூச்சு வாங்க. "இறகு உதிர்ற நேரத்துல உனக்கு நீச்சல் கேட்குதா?" ஈரச் சட்டைக்குள் அதை அணைத்துக்கொண்டு கரையேறினார்.

கூடை திறந்தது. உள்ளே வைக்கோல். ஒரு கொட்டாங்கச்சியில் ஊறவைத்த அரிசி. காலில் துணி சுற்றிய வெள்ளச்சி சுகமாக உட்கார்ந்திருந்தது.

"வா அக்கா. பார்த்து உட்காரு, கட்டுப் போட்ட காலை மிதிச்சிடாத."

"நீ... நெருப்புக்குப் போகலையா?"

"யாரு சொன்னது? உபதேசியாரா?" வெள்ளச்சி சிரித்தது. "இது நடக்க முடியாதவங்களுக்கும் இறகு உதிர்றவங்களுக்குமான கூடை அக்கா. நீங்க வயல் வழியா நடந்து வர்றீங்க. எங்களை அந்தம்மா தலையில சுமந்து ரோட்டுல வருது. போன ஞாயிறு கோயில் வாசல்ல இறக்கி வச்சுது. முழுப் பிரசங்கமும் கேட்டேன்."

"நரகத்தைப் பத்தித்தானே?"

"அது முதல் பாதி. ரெண்டாம் பாதி இருக்கு. அதுதான் நீளம். கடவுள் நம்மளத் தேடி வர்றது அடிக்க இல்லையாம், தூக்கிக்கவாம்."

சலேத்தின் தலைமேல் கூடை அசைந்து போனது. பின்னலின் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்தது. 'கொடுக்காதே' என்றும் 'ஒழிக' என்றும் கத்திப் பழகிய தொண்டை அது. நன்றி சொல்ல அதற்குத் தெரியவில்லை. முயன்று பார்த்தது. குஞ்சின் குரல் போலச் சின்னதாக ஏதோ வந்தது. மேலே சுமந்துபோன சலேத்து, "என்னடி தங்கம்?" என்றாள்.

புது இறகு முளைத்ததும் இரண்டையும் கூட்டத்தில் விட்டார்கள். வாத்துகள் சுற்றி மொய்த்தன. கூடைக்குள் நெருப்பு இல்லை, வைக்கோல்தான் என்று வெள்ளச்சி எல்லோருக்கும் சொன்னது.

"பயம் போச்சுன்னா யார் முட்டை இடுவா? சபையே கெட்டுப்போகும்," என்று கூவினார் உபதேசியார்.

அவரைக் கிழித்து எறியச் செவலையிடம் ஒரு வருடத்துப் பேச்சு தயாராக இருந்தது. ஏனோ அதை எடுக்க மனம் வரவில்லை.

"உம்ம மேல கோபம் இல்ல உபதேசியாரே. நீர் சோத்துக்கு எழுந்து போயிட்டீர், அவ்வளவுதான். உட்காரும், மீதியை வெள்ளச்சி சொல்லட்டும். ஆனா இனிமே நத்தையை நீரே தேடிக்கணும்."

கூட்டம் சிரித்தது. மறுநாள் காலை அருளாந்து பட்டிக்குள் வந்தபோது எந்த வாத்தும் மூலைக்கு ஓடவில்லை. எல்லாம் அவர் காலடிக்கு வந்து கூடின. அவர் கால் வைக்க இடமில்லாமல் பட்டி முழுவதும் முட்டைகள் கிடந்தன.

தண்டனைக்குப் பயந்து வணங்குகிறவர், கடவுள் காப்பாற்ற வரும்போதும் விலகி ஓடுவார். கடவுளின் அன்பை அறிந்தவரோ நன்றியோடு அவரிடமே திரும்பி வருவார்.