மீட்டரில் வைத்த பொட்டு

மேட்டுப்பாளையத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு சிவகாமிக்கு முப்பத்து நாலு வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. பாத்திரக் கடை வைத்திருப்பவர். குரு சீடரை 'அண்ணா' என்பார். சீடர் குருவை 'டீச்சர்' என்பார், அதுவும் கையைக் கட்டிக்கொண்டு.

அன்று காலையிலிருந்தே நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோத்தகிரியில் கட்டிக் கொடுத்த மகள் பூங்கோதைக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கல்யாணத்தன்று வாடகைக் காரில் அனுப்பிய பெண். இந்தத் தடவை சொந்தக் காரில், தானே ஓட்டிக் கூட்டி வரப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "நீங்க ஓட்டிட்டு வந்தாத்தாம்ப்பா நான் ஏறுவேன்" என்று அவளும் போனில் உசுப்பேற்றியிருந்தாள்.

மலைக்கு வண்டி எடுப்பதற்கு மட்டும் டீச்சரின் உத்தரவு வேண்டும். இத்தனை நாள் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே பழக்கிய டீச்சர், சீடரின் காரை இன்றுதான் பார்க்க வந்தார்.

பழைய கார்தான். ஆனால் அப்படி யாரும் அவர் காதுபடச் சொல்லிவிட முடியாது. தினமும் குளிப்பாட்டி, துடைத்து, சாம்பிராணி காட்டி வைத்திருந்தார். புது சீட் கவர், புது ஸ்பீக்கர், கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சை மிளகாய், இன்றைக்கென்று ஒரு முழ நீளச் சாமந்தி மாலை. பின்சீட்டில் வளையல் தட்டும் பலகாரக் கூடையும் ஏறிவிட்டன. மனைவி மயிலாத்தாள் பட்டுச் சேலையில் வாசலில் நின்றாள்.

"டீச்சர், எங்க வண்டி மலை ஏறுமுங்களா?"

"ஏறுமுங்ணா. இறங்குமான்னு பாத்தீங்களா?"

நாச்சிமுத்து சிரித்தார். ஏறுவது இறங்காமல் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டார்.

"அதை எப்படிங்க பாக்கறது?"

"வண்டியவே கேளுங்க."

"வண்டி பேசுமுங்களா?"

சிவகாமி முன்சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். மீட்டரில் சின்னச் சின்ன விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் பூத்தன. இஞ்சினைக் கிளப்பியதும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் ஒரு விளக்கு எரியும் என்பதால் அதையும் இறக்கிப் பார்த்தார். மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் சந்தனத்துக்கு மேலே குங்குமமாக ஒரு பொட்டு. அதன் விளிம்பில் மட்டும் சிவப்பு வெளிச்சம் கசிந்துகொண்டே இருந்தது.

நாச்சிமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்தார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்? ஆயுத பூசைக்கு வெச்சது. பூசணிக்காய் ஒடச்சுட்டுச் சாவியத் திருப்பறேன், மத்த வெளக்கெல்லாம் அணைஞ்சும் இது மட்டும் நின்னு எரியுது. 'வெளக்கு தானா எரியுதுங்க'ன்னு எங்கூட்டுக்காரி அங்கயே ஒரு பொட்டு வெச்சுட்டா. எம்புள்ளையப் பத்திரமா ஊடு சேத்தோணும்னு அது முன்னாடிதான் வேண்டிக்கிட்டேன். இன்னும் அணையல. பொட்டுல தண்ணி படாம சுத்தியும் தொடச்சு வெச்சிருக்கறேன்."

சிவகாமி இஞ்சினை நிறுத்தினார்.

"பிரேக் புடிக்கறப்ப கீச்சுன்னு சத்தம் வருமே?"

"வரும். அதுக்குத்தானே ஸ்பீக்கர் மாத்துனேன்."

சிவகாமி சிரிக்கவில்லை. நாச்சிமுத்து ஜன்னலிலிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"பொட்டத் தொடைங்க" என்றார் குரு.

வாசலிலிருந்து மயிலாத்தாள் ஓடிவந்தாள். "ஐயோ, வேண்டாமுங்க. சுமங்கலிப் பொண்ணக் கூட்டிட்டு வரப்போற நாளு. வெச்ச பொட்ட யாராச்சும் அழிப்பாங்களா? அதுவா உதுந்தா உதுந்துட்டுப் போகுது."

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார், குருவைப் பார்த்தார். குரு கையை நீட்டவில்லை. துடைப்பதென்றால் சீடர்தான் துடைக்க வேண்டும் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

பயமாகத்தான் இருந்தது. நிறைமாதத்தை நெருங்கும் மகளின் முகம் கண்முன் வந்தது. அபசகுனத்துக்குப் பயப்படுவதா, டீச்சரின் சிரிக்காத முகத்துக்குப் பயப்படுவதா என்று தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தார்.

சிவகாமி மறுபடி கிளப்பினார். குங்குமம் போன இடத்தில் ஒரு சிவப்பு வட்டம், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

"என்னங்க அது?"

"பானெட்டத் தெறங்க, சொல்றேன்."

நாச்சிமுத்து ஒரு லிவரை இழுத்தார். பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தார். டிக்கி திறந்தது. வாங்கிய நாளிலிருந்து குளிப்பாட்டிய காரின் வாயை அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. மூன்றாவதுதான் பானெட்.

உள்ளே ஒரு வெள்ளை டப்பா. அதன்மேல் இரண்டு கோடுகள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது.

"பிரேக் ஆயில். இது கொறஞ்சா அந்தச் செவப்பு வெளக்கு எரியும்" என்றார் சிவகாமி. முன்சக்கரத்தின் இடுக்கில் டார்ச் அடித்துக் காட்டினார். "சக்கரத்தப் புடிச்சு நிறுத்தற பேடும் தேஞ்சு போச்சு. ஏறுறப்போ ஒண்ணும் தெரியாதுங்ணா. இறங்கறப்போ வளைவுக்கு வளைவு மிதிக்கோணும்."

நாச்சிமுத்து அப்படியே மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கும்போதுதான் பூங்கோதை வண்டியில் இருப்பாள்.

தெருமுனையில் ஒர்க்‌ஷாப். சிவகாமியே வண்டியை நடை வேகத்தில் உருட்டிப் போனார். புது பேட், புது ஆயில். டயருக்குக் காற்று, ரேடியேட்டருக்குக் கூலன்ட், இஞ்சின் ஆயில் என்று ஒன்று விடாமல் நாச்சிமுத்து கேட்டுக் கேட்டுப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் வண்டி வாசலுக்குத் திரும்பியது.

"நீங்களே எடுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார் குரு.

அவ்வளவுதான், சீடருக்கு இழந்த உற்சாகம் வட்டியோடு திரும்பிவிட்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்தார். பாட்டு மட்டும் போடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். கோத்தகிரியில் சம்பந்தி வீட்டு வாசலில் அவர் இறங்கிய தோரணையைப் பார்த்து மயிலாத்தாளே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வளைகாப்பு நிறைவாக நடந்தது. சாப்பாடு முடிந்ததும் நாச்சிமுத்து சம்பந்தியை இழுத்துவந்து, முதல் இழுப்பிலேயே பானெட்டைத் திறந்தார்.

"இது பிரேக் ஆயிலுங்க, சம்பந்தி. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கோணும். உங்க வண்டியில பாத்திருக்கீங்களா?"

சம்பந்தி பார்த்ததில்லை. நாச்சிமுத்து அவர் வண்டியையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

பூங்கோதை முழங்கை வரை வளையல் குலுங்க, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். "மெதுவாப் போலாம்ப்பா" என்றாள். அவர் கதவை மெல்லச் சாத்தினார்.

நாச்சிமுத்து சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் பூத்தன. இஞ்சின் கிளம்பியது. அந்தச் சிவப்பு வட்டம் தவிர மற்றவை அணைந்தன. ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். கடைசியாக அந்த வட்டமும் அணைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். மீட்டர் இருட்டாகவே இருந்தது.

பின்னாலிருந்து மயிலாத்தாள் குங்குமச் சிமிழை நீட்டினாள். "அழிச்ச எடத்துல ஒண்ணு வெச்சுருங்க. மனசு கேக்க மாட்டேங்குது."

அவர் சிமிழை வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குருவின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், எம்புள்ளையப் பத்திரமா ஊடு சேத்தோணும்னு வேண்டித்தான் அந்தப் பொட்டு வெச்சோம். அழிச்சதுக்குச் சாமி கோவிச்சுக்குமுங்களா?"

சிவகாமி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"நீங்க வேண்டுன அன்னிக்கே சாமி பதில் சொல்லிருச்சுங்ணா. அந்தப் பதில் மேலதான் பொட்டு வெச்சிருந்தீங்க."